விசில் சிஸ்டரும் ஒரு கிலோ கழிவும்

எங்கள் எஸ்டேட்டில் வாயை மூடவே தெரியாத மனுஷி ஒருவர்தான் இருந்தார். தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டே அடுத்தவருக்குப் பத்தியம் சொன்னவர் விசில் சிஸ்டர். வண்டிப்பெரியாரில் பஸ் ஏறினால் ஏலப்பாறை வரை பேச்சு ஓயாது. அவர் இறங்கிய பிறகும் கேட்கும் என்று கண்டக்டர் சத்தியம் செய்வார்.

நர்ஸான அவருடைய சொந்தப் பெயர் சுகாதார சப் சென்டர் பலகையில் எழுதியிருந்தது, யாரும் படித்ததில்லை. தடுப்பூசி நாளில் மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மேட்டில் நின்று விசில் ஊதுவார். எல்லா லயத்து வீடுகளிலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஒருநாள் பத்தரை மணிக்கு ஊதியபோது, கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் சாப்பாட்டு விசில் என்று நினைத்து மொத்தமாகத் தேயிலைக் காட்டைவிட்டு இறங்கிவிட்டார்கள். சூப்பர்வைசர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சிஸ்டரே, வேலைய நிறுத்த நீங்க யாரு?"

"நான் எங்க சாரே நிறுத்துனேன்? அவளுகளா வந்தாளுக. வந்ததுதான் வந்தாளுக, ஆளுக்கொரு சொட்டு ரத்தம் பாத்துட்டு விடுறேன். மயங்கி விழுந்தா நீங்களா கொழுந்து கிள்ளுவீங்க?"

அன்று எல்லார் விரலையும் குத்தினார். கடைசியாக சூப்பர்வைசர் விரலையும் பிடித்துக் குத்திவிட்டு, "சாருக்கு ரத்தம் நெறையா இருக்கு. அதான் இப்படிக் கொதிக்குது" என்றார்.

எனக்குத்தான் ரத்தம் குறைவு. நான் பி.காம். படித்தவள், எதையும் மூன்று முறை படித்துவிட்டு நான்காவது முறை சந்தேகப்படுகிறவள். மகள் தும்மினால் நேரத்தைக் குறித்து வைப்பேன். பிரசவத்தில் எனக்கு ரத்தம் ஏற்றினார்கள். "அடுத்த புள்ளைக்கு மூணு வருஷம் இடைவெளி விடணும், இல்லன்னா உயிருக்கே ஆபத்து" என்று டாக்டர் சொன்னார். என் வீட்டுக்காரர் சரி என்றார். மாமியார் மட்டும் சரி என்று சொல்லவில்லை. அவருக்கு உடனே ஒரு பேரன் வேண்டும்.

கருத்தடைக்குக் காப்பர்-டி போட்டுக்கொள்ளப் போனபோது பதினேழு கேள்விகள் எழுதிக்கொண்டு போனேன்.

"இது நெஞ்சுக்கு ஏறிருமா சிஸ்டர்?"

"ஏறாது."

"இடி மின்னல் அடிக்கிறப்ப? காப்பராச்சே?"

"ஏட்டி, வயித்துக்குள்ள கரண்ட் போஸ்டா நடப்போறேன்?"

பதினேழுக்கும் பதில் சொன்னார். பிறகு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இது யாரு முடிவு?"

"டாக்டர் சொன்னாரு. அவரும் சரின்னாரு."

"நான் ஒன்னத்தான கேட்டேன்?"

"சரி சிஸ்டர், போட்டுக்கிறேன்" என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை என்று இருவருக்கும் தெரியும்.

அடுத்த மழைக்காலத்தில் சிஸ்டரின் தராசுக் கொக்கி உடைந்துபோனது. அதற்கெல்லாம் அசருகிறவரா? கொழுந்து எடை போடும் ஷெட்டில், கொழுந்துத் தராசிலேயே பிள்ளைகளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டார். சூப்பர்வைசர் எடையைக் கூவ, ஒரு கையில் ஊசியோடு சிஸ்டர் எழுதிக்கொண்டார். என் மகளுக்கு ஏழரை கிலோ. போன மாதம் எட்டேகால்!

அன்று வீட்டில் அடுப்பு எரிந்ததோ இல்லையோ, மாமியார் எரிந்தார். மறுநாள் காலையிலேயே என்னைச் சப் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"பாரு சிஸ்டரு, அந்தக் கம்பிய வச்சதும் பால் வத்திருச்சு. புள்ள எளச்சுப்போச்சு. எடுத்து விடு."

"கம்பி ஒங்க வயித்துலயா இருக்கு?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுட்டி. நீ எடுன்னா இந்த நிமிசமே எடுக்கேன்."

எனக்கு அழுகை வந்தது. என் உயிருக்குப் பயந்து பிள்ளையைப் பட்டினி போட்டேனா? "தெரியல சிஸ்டர்… புள்ள எளச்சிருக்கே…"

சிஸ்டர் ரிஜிஸ்டரைப் பிரித்து விரலை ஓட்டினார். விரல் நின்றது.

"ஏட்டி, நேத்து எடை போட்ட ஆறு புள்ளைக்கும் கொறஞ்சிருக்கு. ஆறு பேரு ஆத்தாளுமா காப்பர்-டி போட்டிருக்காளுக? அதுல ஒருத்தி இப்ப முழுகாம இருக்கா!"

விசிலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பின்னாலேயே நாங்கள். ஷெட்டில் பெண்கள் சாக்கும் கையுமாக எடைக்கு வரிசையில் நின்றார்கள். வரிசையை நிறுத்தி என் மகளைத் தொங்கவிட்டார். முள் எட்டரையில் நின்றது. சூப்பர்வைசர் கண்ணிமைக்காமல், "ஏழரை!" என்றார்.

"சாரே, முள்ளு எட்டரைல்ல காட்டுது?"

"சாக்குக்கு அரை, மழைத்தண்ணிக்கு அரை கழிச்சேன் சிஸ்டரே. கைப்பழக்கம்."

"பச்சப்புள்ளைக்கு என்ன தண்ணிக் கழிவு? இவ நனைஞ்ச கொழுந்தா?"

என் மகள் அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் சட்டையை நனைத்து, அவர் பக்கமும் நியாயம் உண்டு என்று நிரூபித்தாள்.

வரிசையில் ஒரே சிரிப்பு. பின்னாலிருந்து ஒரு குரல், "புள்ளைக்கே ஒரு கிலோன்னா எங்க சாக்குக்கு எம்புட்டு சாரே?" என்றது. சிரிப்பு நின்றது.

"எம்மேலயும் தப்பு இருக்கு. அவரு சொன்னத எழுதுனேன், முள்ளப் பாக்கல" என்றார் சிஸ்டர். "இனி புள்ளையோ கொழுந்தோ, முள்ள நீங்களே பாருங்கட்டி. எவன் கூவுறதையும் நம்பாதீங்க."

அன்று முதல் வரிசையில் நிற்கிற ஒவ்வொருத்தியும் கழுத்தை நீட்டி முள்ளைப் பார்க்கிறாள்.

மாமியார் விடவில்லை. "தராசே கோளாறா இருந்தா? எதுக்கும் எடுத்துருவோம்."

"எடுக்க மாட்டேன் அத்தை." குரல் வந்த திசையை எல்லாரும் பார்த்தார்கள். நானும் பார்த்திருப்பேன், அது என் வாயிலிருந்து வந்துவிட்டது. சிஸ்டர் விசிலை எடுத்து நீளமாக ஊதினார். மேட்டுக் காட்டிலிருந்து ஒரு கூட்டம் சாப்பாட்டுக்கு இறங்கியது.

போன வருஷம் அவரைக் காந்தலூர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள். புது சிஸ்டர் மெதுவாகப் பேசுகிறார். எங்களுக்குத்தான் காது கேட்கவில்லை.

மூன்று வருஷம் முடிந்து, ரத்தமும் தேறிய பிறகு போன வாரம் விசில் சிஸ்டருக்கு ஃபோன் செய்தேன்.

"சிஸ்டர், காப்பர்-டி எடுத்துரலாம்னு இருக்கேன்."

"யாரு முடிவு? ஒம் மாமியாரா?"

"இல்ல சிஸ்டர். நான்தான்."

மறுமுனையில் சத்தமே இல்லை. கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அந்த வாய் மூடி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். வைக்க மனசில்லாமல், ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.