ருத்ராட்சம் சொன்ன கலோரி

செங்கல்பட்டு கல்யாண மண்டபத்தில் அன்று முகூர்த்தம் இல்லை. ஆனாலும் கூட்டம் பந்தியை மிஞ்சியது. எல்லோர் தலையிலும் புண்ணாக்கு மூட்டை. மேடையில், மாப்பிள்ளை உட்காரும் நாற்காலியில், சக்திச் சித்தர் எழுந்தருளியிருந்தார்.

நூலில் கட்டிய ருத்ராட்சத்தை மூட்டைக்கு மேலே தொங்கவிடுவார். வலமாகச் சுற்றினால் தீவனத்தில் சக்தி உண்டு. இடமாகச் சுற்றினால் செத்த புண்ணாக்கு. ஆய்வுக்கூடம் நாள்கணக்கில் அளக்கும் கலோரியை அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஊரார் கொண்டுவந்ததெல்லாம் ஏனோ செத்தே இருந்தது. உயிரோடிருந்தது, அவர் படம் போட்ட காவிப் பையில் விற்ற மந்திரப் புண்ணாக்கு மட்டும்தான்.

கடப்பாக்கத்தில் பன்றி வளர்க்கும் லோகநாயகியின் கணவர் பன்னீர்செல்வம் இரண்டு மாதமாக அதைத்தான் போட்டுவந்தார். பன்றிகள் வயிறு முட்டத் தின்று எலும்பாயின. தாய்ப்பன்றிக்குப் பால் வற்றி ஐந்து குட்டிகள் செத்தன. போன ஜென்மத்துப் பாவம் என்றார் சித்தர். பாவம் பன்றியுடையதா தன்னுடையதா என்று பன்னீர்செல்வம் கேட்கவில்லை.

லோகநாயகி அந்தப் புண்ணாக்கில் ஒரு பிடியைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனாள். அவர் தண்ணீரில் போட்டார். பாதிக்குமேல் மிதந்தது.

"கடலைத் தோலும்மா. மாடுன்னா அசைபோட்டு ஏதோ எடுத்துக்கும். பன்னிக்கு நார் தின்னா வயிறு ரொம்பும், தெம்பு வராது."

மறுவாரம் அவள் இரண்டு பைகளோடு மேடையேறினாள். ஒன்று காவிப் பை. மற்றது பழைய கோணிப்பை. இரண்டின் வாயும் கட்டியிருந்தது.

ருத்ராட்சம் கோணிக்கு மேலே இடமாகச் சுற்றியது. "செத்தது," என்றார் சித்தர். காவிப் பைக்கு மேலே வலமாகப் பறந்தது. "இதுல மூவாயிரம் சக்தி கீது."

லோகநாயகி இரண்டையும் தரையில் கவிழ்த்தாள்.

"சாமி, பைய மாத்திக் கட்டிக்கினு வந்தேன். நீ செத்ததுன்னது உன் மந்திரப் புண்ணாக்கு. சக்தின்னது செக்குல நான் வாங்கின கடலப் புண்ணாக்கு. உன் ருத்ராட்சம் பைமேல கீற படத்தத்தான் பாக்குது."

கூட்டத்தில் நின்ற பன்னீர்செல்வம் மேடையேறிக் குனிந்து, கொட்டிக் கிடந்த தோலைக் கையில் அள்ளிப் பார்த்தார்.

"கூட்டத்துல தீட்டு கலந்துட்ச்சு," என்று சொல்லிக்கொண்டே சித்தர் பின்வாசல் பக்கம் நகர்ந்தார். அவரை மறிக்கக் கூட்டம் ஓடியது. ஒருவர் மட்டும் லோகநாயகியிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, வேற ருத்ராட்சம் வச்சுப் பாத்தா சரியா சொல்லுமா?"

"அண்ணாத்த, பன்னிகூட மோந்து பாத்துட்டுதான் வாய வைக்குது. உனக்கு இன்னா கேடு?"