குழாய்த் தண்ணீரில் கழுவிய லென்ஸ்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொண்டது. நான் நலம், இவருக்கும் கண்ணைத் தவிர மற்றதெல்லாம் நலம். போன் செய்தால் குழந்தை அழுகிறது என்று பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால் கடிதம். பேரனைப் பார்க்க நாங்கள் இப்போதைக்கு வருவதற்கில்லை. கோபித்துக்கொள்ளாமல் முழுக்கப் படி.

பஸ் ஓட்டுகிற மனிதருக்குக் கண்ணாடி போட்டால் வயசு தெரிகிறதாம், அதனால் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் வாங்கினார், அதைக் கழுவும் மருந்துத் தண்ணீர் தீர்ந்ததும் "எல்லாம் தண்ணிதானே"ன்னு குழாயைத் திறந்து கழுவினார், கழற்றச் சோம்பல்பட்டு அதோடேயே தூங்கினார். ஒருநாள் காலையில் இமையெல்லாம் கோந்து போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டு, "அடியே, விடிஞ்சுதா இல்லையா?" என்று ஒரே கூச்சல். வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் மஞ்சளாகச் சீழ். "சூடுதான், தானா போயிடும்"னு வண்டி எடுக்கக் கிளம்பினவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போனேன். கண் டாக்டரம்மா லென்ஸ் டப்பாவைத் திறந்ததும் முகம் சுளித்தார்.

"இதைக் கடைசியா எப்போ கழுவினீங்க?"

"டப்பாவையும் கழுவணுமா?"

"உள்ள பாக்டீரியா குடித்தனம் பண்ணுது சார். கருவிழியில புண்ணாகியிருந்தா பார்வையே போயிருக்கும். அப்புறம் பஸ்ஸை யார் ஓட்டறது?"

நான் அந்த டப்பாவை அங்கேயே குப்பைக்கூடையில் போட்டேன். இவரோ "காத்துல வந்திருக்கும்"ங்கிறார். இப்போது வீட்டில் துண்டு வேறு, சோப்பு வேறு, தலையணை உறை வேறு. சொட்டு மருந்து விட உட்காரச் சொன்னால் "எரியுது"ன்னு எழுந்து நடக்கிறார், பின்னாலேயே நான் ஓடுறேன், பாதி மருந்து தரைக்குத்தான். அதோ மறுபடியும் கசக்குறார், இரு, வரேன்.

வந்துட்டேன். எங்கே விட்டேன்? ஆங், இது தொட்டால் ஒட்டிக்கொள்கிற சங்கதி, உன் வீட்டில் பச்சைக் குழந்தை, டாக்டரம்மா சரியென்று சொல்லும்வரை இவரை வாசற்படி தாண்ட விடமாட்டேன். நீ நிம்மதியாக இரு.

அத்தானுக்கு வணக்கம். குழந்தைக்கு இங்கிருந்தே ஒரு முத்தம், அதுதான் அவனுக்கு நல்லது.

இப்படிக்கு,
உட்கார நேரமில்லாத தங்கை

பி.கு.: அக்கா, இது நான், மாப்பிள்ளை. உங்க தங்கச்சி அசதியில கண்ணசந்துட்டா. தபால்ல போட்டா வர எத்தனை நாளாகுமோன்னு கையோட நானே கொண்டுவந்துட்டேன். பஸ்ஸில கண்ணு அரிச்சுது, கசக்கவேயில்லை, லேசாத்தான். பெல் அடிச்சா குழந்தை முழிச்சுக்குவானேன்னு இதைக் கதவிடுக்குல தள்ளுறேன். படிச்சதும் திறங்க.