லாரி செட்டில் ஒரு மஞ்சுவிரட்டு

மைக்செட் அண்ணனைப் போல வாய் உள்ள ஆள் காரைக்குடியில் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்த வாய் சும்மா இருந்து நான் பார்த்தது ஒரே ஒரு நாள். அன்றைக்கும் அதில் கயிறு இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ஒரு லாரி செட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். நாங்கள் ஆறு பேர். அவர் எங்கள் மேஸ்திரி. சுற்று வட்டாரத்தில் எங்கே மஞ்சுவிரட்டு நடந்தாலும் மேடையில் உட்கார்ந்து மைக்கில் பேசுகிறவரும் அவர்தான். மஞ்சுவிரட்டுக் காலம் போனால் மாடு இருக்காது. வாய் இருக்குமே. அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் மாடாக்கிப் பேசுவார்.

"கோட்டையூர் ராசு டீய வாங்கிட்டாரு! சூடான டீ, சுத்துது! விடல! ஊதுறாரு, ஊதுறாரு... டீ பிடிபட்டது!"

ராசு எங்கள் கூட்டத்தில் ஒருவன். சிரித்ததில் பாதி டீ சட்டையில் போகும்.

பிள்ளையார்பட்டிக்குச் சாமி கும்பிடப் போன இடத்திலும் வாய் நிற்கவில்லை. முன்னால் ஒருவர் சிதறுகாய் போட்டார். காய் உடையாமல் உருண்டது. "பிடிபடல!" என்று இவர் கத்த, அந்த மனிதர் பயந்து இன்னும் ரெண்டு காய் வாங்கிப் போட்டாராம். அண்ணனின் சம்சாரம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டது.

நாங்கள் வேலையில் மெத்தனம். மறைக்க ஒன்றுமில்லை. காலையில் வந்த லோடு பொழுது சாயும் வரை நிற்கும். சரக்குக்கு உரியவர்கள் வந்து சத்தம் போட்டார்கள். ஒரு நாள் முதலாளி குடையோடு வந்து நின்றார்.

"இனிமே மதியச் சங்குக்குள்ள லாரி காலியாகணும். இல்லைன்னா வேற ஆளுகள வச்சுக்கிருவேன். ஆறு பேரும் வீட்டுக்குப் போகலாம். மேஸ்திரி, நீங்களுந்தான்."

முதலாளி போனதும் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் மட்டும் ரெண்டாம் தடவை குழம்பு ஊற்றிக்கொண்டார்.

"மாட்டுக்கு முன்னாடி எவன்டா சம்பளங் கேட்டுப் பாயுறான்? மைக்குல பேரு சொல்லுவாகன்னுதானடா பாயுறான்!"

மறுநாள் செட் கூரையில் குழாய் ரேடியோ ஏறிவிட்டது. அவர் சொந்த மைக் செட். லாரிதான் மாடு. நகராட்சிச் சங்கு ஊதுவதுதான் எல்லை. அதற்குள் இறக்கிவிட்டால் மாடு பிடிபட்டது. அன்றைக்கு நன்றாக வேலை பார்த்தவனுக்குப் பரிசு.

பரிசுக்கு முதலாளி வீட்டு ஆச்சியைப் போய்ப் பார்த்தார். அந்த வீட்டில் சாமான் அறை ஒன்று, கதவைத் திறந்தால் சாமான் நம் மேல் விழும். ஆச்சி யோசிக்கவே இல்லை.

"தினம் ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போங்கப்பா. நான் செத்த கால நீட்டிப் படுக்குறேன்."

எனாமல் தட்டு வந்தது. தூக்குச்சட்டி வந்தது. கூஜா வந்தது. ஆனால் நாங்கள் ஓடியது அதற்காக இல்லை.

"வலையபட்டி ஆரோக்கியம் மகன் சவரிமுத்து! பேச மாட்டாரு, பாய்வாரு! ரெண்டு மூட்டை ஒண்ணா எடுத்துட்டாரு!"

அது நான். என் பேரை அதற்கு முன்னால் யாரும் சத்தமாகச் சொல்லிக் கேட்டதில்லை, ரேஷன் கடையைத் தவிர. எதிர்க் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். டவுன் பஸ் நின்று பார்த்துவிட்டுப் போனது. நான் மூன்று மூட்டை எடுத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. அதையும் அறிவித்தார்.

லாரி சங்குக்கு வெகு முன்னாலேயே காலியானது. முதலாளி குடையை மடக்கிச் சிரித்தார்.

சிரிப்பு நிலைக்கவில்லை. மஞ்சுவிரட்டில் ஒரு முறை உண்டு. மாடு பிடிபடவில்லை என்றால் பரிசு மாட்டுக்காரருக்கு. ஒரு நாள் மழை. லோடு இறங்கவில்லை, சங்கு ஊதிவிட்டது. அண்ணன் அசராமல் மைக்கில் சொன்னார்.

"மாடு பிடிபடல! கூஜா, லாரி டிரைவருக்கு!"

டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. கூஜாவை மட்டும் வாங்கிக்கொண்டார். போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். அவ்வளவுதான். வருகிற லாரியெல்லாம் முரட்டு மாடாக வந்தது. தார்ப்பாய்க்கு மேலே கயிறு, கயிற்றுக்கு மேலே கயிறு, அதில் பேய் முடிச்சு. கயிற்றை அறுக்கவும் கூடாது. அறுத்தால் அது கொம்பைப் பிடிப்பது போலத் தப்பாட்டம் என்று அண்ணன் ஏற்கெனவே சொல்லியிருந்தார். பாத்திரங்கள் ஊர் ஊராகப் போயின.

முதலாளி மறுபடி குடையோடு வந்தார். "நான் எம் ஆளுகளுக்குத்தானப்பா பரிசு குடுக்கச் சொன்னேன்? ஊர்ல உள்ள டிரைவருக்கெல்லாம் எதுக்குச் சீர் செய்யிறீக?"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல மொதலாளி."

"முறையா? நாளைக்குத் தூத்துக்குடி உப்பு லாரி வருது. ஆச்சி அண்டா எடுத்து வச்சிருக்கா. அந்த அண்டா தூத்துக்குடிக்குப் போச்சு, மறுநா வேற ஆளுக. மைக்கக் கழட்டிட்டு நீங்களும் கெளம்பிருங்க."

உப்பு லாரி வந்தது. டிரைவர் பெரிய மீசை. கயிற்றைத் தண்ணீரில் நனைத்துக் கட்டியிருந்தார். காய்ந்து இறுகி, முடிச்சு இரும்பாகக் கிடந்தது. நாங்கள் கையால் இழுத்தோம், கட்டை கொடுத்து நெம்பினோம். அசையவில்லை. வெயில் ஏறியது. முதலாளி குடையைப் பிடித்தபடி நின்றார்.

"என்ன அண்ணாச்சி, மாடு எப்படி?" என்றார் மீசை.

"நல்ல மாடு" என்றார் அண்ணன். மைக்கை என் கையில் திணித்தார். வேட்டியை மடித்துக் கட்டி லாரியில் ஏறினார். முடிச்சைப் பல்லால் கடித்தார்.

செட் அமைதியாகிவிட்டது. அண்ணன் சத்தம் இல்லாமல் எங்களுக்குக் கை ஓடவில்லை. ராசு கத்தினான்.

"ஏ சவரி, எதையாச்சும் பேசுடா!"

நான் மைக்கைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது.

"அண்ணே கடிக்கிறாக" என்றேன்.

தெரு முழுக்கக் கேட்டது. லாரி மேலே மறுபடி பார்த்தேன்.

"இன்னும் கடிக்கிறாக."

ராசு விழுந்து விழுந்து சிரித்தான். எதிர்க் கடையில் கை தட்டினார்கள். முதலாளி முகம் கோணியது, சிரிப்பை அடக்குகிறார் என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது முடிச்சு அவிழ்ந்தது. அண்ணனின் முன் பல் ஒன்றும் அதோடு போனது. பல் கயிற்றிலேயே நின்றது.

"கயிறு வந்துருச்சு. பல்லும் வந்துருச்சு" என்றேன்.

பிறகு நடந்தது வேலை இல்லை, வெறி. தோளில் உப்பு வழிந்து எரிந்தது. ஒரு கையில் மைக், ஒரு கையில் மூட்டை என்று நானும் ஓடினேன். முதலாளி குடையை எங்கேயோ போட்டுவிட்டு, "அங்குட்டு ஒண்ணு கெடக்கு! இங்குட்டு வாங்கப்பா!" என்று லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

கடைசி மூட்டை லாரி விளிம்புக்கு வந்தது. ராசு முதுகைக் கொடுத்தான். சங்கு ஊதியது.

முடிந்த மாதிரிதான். அண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து மைக்கை வாங்கினார்.

"மாடு எல்லை தாண்டிருச்சு. அண்டா, மாட்டுக்காரருக்கு."

"யோவ், ஒத்த மூட்டைய்யா!" முதலாளி கத்தினார்.

"ஒத்த மூட்டைன்னாலும் லாரிலதான் இருந்துச்சு மொதலாளி."

மைக்கை மறுபடி என் கையில் கொடுத்துவிட்டார். சொந்த வேலைக்கே உலை வைத்துவிட்டு நிற்கிறார். துண்டெல்லாம் ரத்தம். மீசைக்காரர் அண்டாவைப் பார்த்தார். கயிற்றில் நின்ற பல்லைப் பார்த்தார். என்னிடமிருந்த மைக்குக்குப் பக்கத்தில் வந்தார்.

"மாட்டுக்காரன் நான் சொல்லுதேன். எம் மாடு பிடிபட்டுட்டு. பல்லக் குடுத்துப் பிடிச்ச ஆளுக்கே அண்டாவக் குடுங்க."

மாட்டுக்காரரே ஒப்புக்கொண்டால் அதற்கு மேல் பேச்சில்லை. அதுவும் முறைதான். முதலாளி குடையைத் தேடி எடுத்தார்.

"அப்ப அண்டா ஊருக்குள்ளதான் இருக்கு. நாளைக்கு ரெண்டு லோடு வருது. ஆச்சிகிட்ட ரெண்டு சாமானா வாங்கி வைங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பரிசு என்றால் பேர் சொல்ல வேண்டும். ஊர், அப்பன் பேர், சொந்தப் பேர். மைக் என் கையில். வாயைத் திறந்த பிறகுதான் தெரிந்தது, அவர் பேர் எனக்குத் தெரியாது. ராசுவைப் பார்த்தேன். அவனுக்கும் தெரியாது. எங்கள் பேரைத் தினமும் ஊருக்குச் சொன்ன ஆளின் பேர் செட்டில் ஒருவனுக்கும் தெரியவில்லை.

அண்ணன் என் காதில் சொன்னார். நான் மைக்கில் சொன்னேன்.

"அரியக்குடி முத்தையா மகன் சுப்பிரமணி! மாட்டப் பிடிச்சது அவுகதான்!"

அண்டாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தலையைத் தூக்கிக் குழாய் ரேடியோவையே பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனையோ ஊர்ப் பேரைச் சொன்ன குழாய் அது.

"இன்னொருக்காச் சொல்லுப்பா" என்றார்.

ஒன்றை ரெண்டு தடவை சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அன்றைக்குச் சொன்னேன்.