கப்பலாரின் தீக்கத்தி

கப்பலார் முதன்முதலில் ஒத்திகை பார்த்த அன்று, வற்றிய கண்மாயில் இருந்தவர்கள்: நான். மைக்செட் பாண்டி. வெள்ளாடு மேய்க்கும் பெரியவர் ஒருவர். அவருடைய வெள்ளாடுகள். சமோவா தீவின் தீ நடனம் எங்கள் அருப்புக்கோட்டைச் சீமைக்கு வந்து இறங்கியது இத்தனை பேர் முன்னால்தான். கப்பலார் ஆடினார். வெள்ளாடுகள் பாதியிலேயே எழுந்து போய்விட்டன. கருவேல முள்ளுக்கு நடுவே வெறுங்காலோடு அந்த ஆட்டத்தை ஆடிய மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். எங்கே கேட்டாலும் சொல்வேன்.

சொந்தப் பெயர் ஒன்று உண்டு. யாரும் கூப்பிட்டதில்லை. கப்பலில் பத்து வருடம் பாத்திரம் கழுவிவிட்டு வந்ததால் கப்பலார். கூட வேலை பார்த்த சமோவாக்காரர் ஒருவர் சமையல்கட்டுக்குப் பின்னால் வைத்து ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தாராம். நீளக் கத்தி. இரண்டு முனையிலும் எண்ணெயில் நனைத்த துணித் திரி. பற்றவைத்துச் சுற்ற வேண்டும். மேலே எறிந்து பிடிக்க வேண்டும். காலுக்கடியில் விட்டு எடுக்க வேண்டும்.

“உன் சனத்து முன்னாடி, தீ அணையாம, ஒரு தடவ முழுசா ஆடு. அப்புறந்தேன் நீ ஆட்டக்காரன்” என்று சொல்லி அனுப்பினாராம். கப்பலார் அதையே பிடித்துக்கொண்டார்.

எனக்கு வெல்டிங் பட்டறை. படிப்பு ஐந்தாவதோடு சரி. கப்பலார் ஒரு காகிதத்தில் கத்தியை வரைந்து கொண்டுவந்தார். அரிவாள் மாதிரி இருந்தது. கூடவே ஒரு கொக்கி.

“யாரை வெட்டப் போறீக, கப்பலண்ணே?”

“டான்ஸுக்குப்பா.”

“போன மாசம் ஒருத்தன் இளநி வெட்டன்னு சொன்னான்.”

லாரி ஸ்பிரிங் பட்டையை அறுத்து அடித்துக் கொடுத்தேன். முனையை மழுக்கித்தான் கொடுத்தேன். துண்டில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோனார். வழியில் போலீஸ் இறக்கிவிட்டது. டான்ஸ் என்றால் ஆடிக் காட்டு என்றார்கள். ரோட்டிலேயே ஆடினார். ஏட்டு கடைசிவரை பார்த்தார். “இவரை ஒண்ணும் பண்ண வேணாம். வீட்டுல சொல்லி வைத்தியம் பாக்கச் சொல்லுங்க” என்றார்.

ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில், தீ வைக்காமல் தீ நடனம் ஆடச் சொன்னார்கள். சிவப்புத் தாளைக் கட்டிக்கொண்டு ஆடினார். ஒரு கல்யாண வரவேற்பில் பந்தல்காரர் மணல் வாளியோடு அவர் பின்னாலேயே வந்தார். கப்பலார் திரும்பினால் அவரும் திரும்பினார். குனிந்தால் குனிந்தார். இருவர் ஆட்டம் என்று சனம் கைதட்டியது. தீக்குச்சியை உரச மட்டும் விடவில்லை.

அவர் மனைவியை நான் மதினி என்பேன். சேலை நெய்கிற வீடு. வீட்டுக்குள் தெலுங்கு. கோபம் வந்தால் மட்டும் தமிழ். அக்கம்பக்கத்துக்கும் கேட்க வேண்டுமே.

“ஒண்ணாந் தேதி மில்லுல வாட்ச்மேன் வேலைக்குப் போகணும். அதுக்குள்ள ஆடுறதுன்னா ஆடிக்கிருங்க. அப்புறம் அந்தக் கத்தி பழைய இரும்பு எடைக்குத்தேன். நான் பாக்கவும் வர மாட்டேன்.”

கப்பலார் சரி என்றார். சரி என்றால் மாற மாட்டார்.

இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. எம்.ரெட்டியபட்டிக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் அம்மன் பொங்கல். ஊர்த்தலைவர் சம்மதித்தார்.

“தீயைக் கையில எடுக்கிறவுக காப்புக் கட்டணும்ப்பா. இல்லாட்டி ஊருக்கு ஆகாது.”

கட்டிக்கொண்டார். எட்டு நாள் கறி இல்லை, செருப்பு இல்லை. தப்பு நடந்தது அங்கேதான். எங்கள் பக்கம் காப்புக் கட்டித் தீச்சட்டி எடுக்கிறவரை அம்மனாகத்தான் பார்ப்போம். வழியில் மறித்து மஞ்சத்தண்ணி ஊற்றுவோம். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டு பேருக்கும் அன்று தோன்றவில்லை.

பொழுது சாய்கிற நேரம். மூன்று ஜோடித் திரி கொண்டுவந்திருந்தார். முதல் ஜோடியைப் பற்றவைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். ஓர் அம்மா குடத்தோடு வந்து தலையோடு ஊற்றினார்.

“ஆத்தா, குளுந்துக்க தாயி.”

புஸ் என்று போனது. கப்பலார் கும்பிட்டார். வேறு என்ன செய்வார்.

இரண்டாவது ஜோடி. கத்தியை மேலே எறிந்தார். அது இறங்குவதற்குள் மூன்று குடம். பிடித்துவிட்டார். ஈரக் கத்தியைத்தான் பிடித்தார்.

பாண்டி மைக்கில் கெஞ்சினான். “தாய்மார்களே, தண்ணி ஊத்தாதீங்க. இது வெளிநாட்டு டான்ஸு.”

“வெளிநாட்டுத் தீன்னா சுடாதாக்கும்?” என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. வரிசை நீளமாக இருந்தது. ஒவ்வொரு இடுப்பிலும் குடம். அந்த ஊர்க் குழாயில் தண்ணீர் வந்து எட்டு நாள் ஆகியிருந்தது. சமையலுக்கு வைத்திருந்ததைத்தான் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

தலைவர் கையை விரித்தார். “நேந்துக்கிட்டு நிக்கிறாக. வேணாம்னு நான் எப்படிச் சொல்ல?”

மிச்சம் ஒரு ஜோடி. கப்பலார் திரியை இறுக்கிச் சுற்றினார். காலி டப்பாவைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு எண்ணெயையும் விட்டார்.

அப்போதுதான் மதினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நேரே தலைவரிடம் போனார்.

“அவுகளுக்கு ஊத்துற தண்ணிய வீட்டுக்காரி வாங்கலாம்ல?”

தலைவர் யோசித்தார். பக்கத்தில் நின்ற பூசாரியைப் பார்த்தார். “வாங்கலாந்தேன்” என்றார் பூசாரி.

“அப்ப எம்மேல ஊத்துங்க. அவுக ஆடி முடிக்கட்டும்.”

வரிசைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். கப்பலார் பற்றவைத்தார்.

அதைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. தீ சக்கரமாக நின்றது. ஆள் தெரியவில்லை. மேலே போனது, கைக்கு வந்தது. முதுகுப் பக்கம் போய் முன்னால் வந்தது. கடைசியில் திரி தானாக எரிந்து முடிந்தது. கப்பலார் மண்ணில் உட்கார்ந்து, அந்தச் சமோவாக்காரர் பெயரைச் சத்தமாகச் சொன்னார். பாண்டி அதை மைக்கில் திருப்பிச் சொன்னான்.

ஒண்ணாந் தேதி மில்லுக்குப் போனார். கத்தி எடைக்குப் போகவில்லை. மதினி அதைத் தறிக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறார்.

அன்று எத்தனை சுற்றுச் சுற்றினார் என்று என்னைக் கேட்கிறார்கள். தெரியாது. மதினி அவரையே பார்த்தபடி அசையாமல் நின்றதைத்தான் பார்த்தேன். மதினி மேல் விழுந்ததைத்தான் எண்ணினேன்.

முப்பத்தொரு குடம்.