பதினான்கு வருஷச் சட்டமும் பேக்கப் பெட்டியும்

ராயபுரம்,
வியாழக்கிழமை.

அன்பு மகன் நோயலுக்கு,

உன் பெரியப்பா வேதமாணிக்கம் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நான் சுகம். பெங்களூரில் நீயும் உன் அம்மா ரோசலினும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். அந்த ஊர்க் குளிருக்கு அவளைக் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல். நிற்க. நம் நல்லடக்கச் சங்கத்தின் கல்லறைப் பதிவேடு முழுவதையும் என் கையாலேயே அழித்துவிட்டேன். போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் மெயிலில் அனுப்பச் சங்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலிலிருந்தே சொல்கிறேன். பதிவேட்டை நீ பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, பெயர்களையும் தட்டி ஏற்றி, பீரோ மேல் அந்தக் கறுப்புப் பெட்டியை வைத்தாயே, அன்றைக்கு என்ன சொன்னாய்? "பெரியப்பா, இது நெட்வொர்க் டிரைவ். மொத நாள் எல்லாத்தையும் முழுசா நகல் எடுத்துக்கும். அப்புறம் தினமும் எது மாறுச்சோ அத மட்டும் எடுத்துக்கும்" என்றாய். நானும் தலையாட்டினேன். தலையாட்டினால் புரிந்தது என்று நீ எடுத்துக்கொண்டது உன் தப்பு. அந்த வருஷ டிசம்பர் வெள்ளத்தில் காகிதப் பதிவேடு ஊறிக் கூழாகிவிட்டது. பெட்டி இருக்கிறதே என்று நான் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை.

இந்த மாதம் முதல் தேதியிலிருந்து கம்ப்யூட்டர் "டிரைவைக் காணவில்லை" என்று சொல்ல ஆரம்பித்தது. காணவில்லையாம், கண்ணுக்கு நேராகப் பீரோ மேல் உட்கார்ந்திருக்கிறது! நீ எழுதிக் கொடுத்த தாளை எடுத்து வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன், மோடத்தை அணைத்துப் போட்டேன், பாஸ்வேர்டை மூன்று தரம் அடித்தேன், நான்காம் தரம் அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டு அடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால், பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் பிணம் வைக்கிற ஐஸ் பெட்டியின் பிளக்கைச் சொருகியிருக்கிறார்கள். குழி வெட்டுகிற ஜெயவேலைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அவன் நிதானமாக, "இன்னா நைனா, டெஸ்ட் பண்ணாம எட்த்துகினு போனா சாவு வூட்ல ஒதிப்பான். பொணத்துக்குக் கரண்ட் வேணுமா, உன் பொட்டிக்கு வேணுமா?" என்று கேட்டான். நம் சங்கத்தில் பிணத்துக்குத்தானே முதல் மரியாதை. என் பெட்டிக்கு வேறு பிளக் போட்டேன்.

பெட்டி விளக்கு எரிந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தால், இப்போது "இடம் போதவில்லை" என்றது. உறுப்பினர்களின் அடக்க வீடியோக்களையும் நான் அதே ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தேன், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். இடம் இல்லை என்றால் என்ன செய்வது என்று உன் தாளில் எழுதவில்லை. ஆனால் இடம் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாதா? பதினோரு வருஷமாகச் சங்கச் செயலாளராக அதுதானே என் வேலை. நம் கல்லறைத் தோட்டத்துச் சட்டம் உனக்கும் தெரியும்: பதினான்கு வருஷம் ஆன குழியைத் திறந்து, பழைய எலும்பை ஓரமாக ஒதுக்கி, அதே குடும்பத்தில் அடுத்தவரை வைப்போம். அதே முறைப்படி, பெட்டியில் எது மூத்தது என்று பார்த்தேன். முதல் நாள் எடுத்த முழு நகல். இருப்பதிலேயே பழசு, இருப்பதிலேயே பெரிசு. ஒரு பரலோக மந்திரம் சொல்லி அழித்தேன். மரியாதைக் குறைவாக இருக்கக்கூடாதே என்று குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். மளமளவென்று இடம் கிடைத்தது. ஜெயவேலுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

நேற்று, மாதம் ஒருதரம் ஏதாவது ஒன்றைத் திறந்து பார்க்கச் சொன்னாயே, அதன்படி பெட்டியில் இருந்ததைத் திறந்தேன். "முழு நகல் இல்லாமல் திறக்க முடியாது" என்றது. அடுத்த நாளுடையதும் அப்படியே. எல்லா நாளும் அப்படியே. மாறினதை மட்டும்தான் வைத்திருக்கிறது, எதிலிருந்து மாறியது என்பதை நான் தூக்கிப் போட்டுவிட்டேன். அப்போதுதான்டா மகனே நீ சொன்னது எனக்குப் புரிந்தது.

ஆயிரத்து நூறு குடும்பத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான், மறுக்கவில்லை. ஆனால் உன்னிடம் மறைப்பானேன், எனக்கு ஒரு குழியைப் பற்றித்தான் கவலை. உன் பெரியம்மா செசிலி போய் இந்த மாதத்தோடு பதினான்கு வருஷம் முடிகிறது. வருகிற ஞாயிறு கமிட்டி கூடுகிறது. அடுத்து யார் என்று பதிவு காட்டாத குழியெல்லாம் பொதுப் பட்டியலுக்குப் போகும். முன்பின் தெரியாத யாரையோ அவள் மேல் கொண்டுவந்து படுக்க வைப்பார்கள். முப்பத்தாறு வருஷம் என்னை விட்டு ஒரு ராத்திரி தனியாக இருந்தவள் இல்லை. எனக்கு எழுபத்து மூன்று ஆகிறது, வேறு ஆசை ஒன்றும் இல்லைப்பா, அவகிட்டப் போய்ப் படுக்கணும், அவ்வளவுதான். நீ சனிக்கிழமைக்குள் எப்படியாவது புறப்பட்டு வந்து, அழித்ததைத் தோண்டி எடுக்க வழி உண்டா என்று பார். உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

உனக்கும் உன் வீட்டாருக்கும் சகல ஆசீரும் உண்டாகட்டும். ரோசலினுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
இடம் இழந்து நிற்கும் உன் பெரியப்பா,
வேதமாணிக்கம்.

பி.கு.: இந்தக் கடிதத்தை எங்கே சேமிக்க என்று கம்ப்யூட்டர் கேட்டது. பார்த்தால் பக்கத்திலேயே பதிவேடு இருக்கிறது, ஒரு பக்கம் குறையாமல். பெட்டிக்குப் போனது நகல்தானாம், அசல் இங்கேயேதான் இருந்திருக்கிறது. நான் பெட்டிக்கே குடிபோய்விட்டது என்று நினைத்திருந்தேன். ஆகவே நீ வரவேண்டாம்.

செசிலியின் பக்கத்தை இன்றைக்குத்தான் திறந்து பார்த்தேன். இத்தனை வருஷமும் மனசு வரவில்லை. 'அடுத்து வைக்கப்பட வேண்டியவர்' என்ற இடத்தில் அவள் தங்கை, உன் அம்மா பெயர் இருக்கிறது. குறிப்பில், அப்போதைய செயலாளர் செசிலி சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார்: "கணவர் குறட்டை விடுவார். முப்பத்தாறு வருஷம் போதும்." கீழே அவள் கையெழுத்து.

இந்தக் கம்ப்யூட்டரில் ஒரு பெயரை மாற்ற அரை நிமிஷம் ஆகாது. நான் மாற்றவில்லை. ரோசலினிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல், அந்த இடத்தை எனக்கு விட்டுத் தருவாளா என்று. மாட்டேன் என்றால் வற்புறுத்தாதே, செசிலி அவளைத்தான் கேட்டிருக்கிறாள்.