மெமரிக்குப் பொருத்தம் பார்த்த மகான்

மூடிக்கிடந்த செருப்புக்கடை ஒன்று திடீரென்று புண்ணியத் தலமாகிவிட்டது. காரணம், ஞாபகானந்தர். கம்ப்யூட்டருக்கு மெமரி போடுகிறவர் என்று அவரைப் பற்றிச் சாதாரணமாகச் சொல்லிவிடாதீர்கள். பக்தர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர் மெமரிக்குப் பொருத்தம் பார்ப்பவர்!

கடை திறப்பதற்குள் வரிசை தெருமுனையைத் தாண்டி, முடிதிருத்தும் கடையைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்து, தன் வாலைத் தானே மிதிக்கும். ஆளுக்கொரு கம்ப்யூட்டர் இடுப்பில். போர்வை சுற்றித் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தவர்களும் உண்டு. ஒருவர் தள்ளுவண்டியில் கம்ப்யூட்டரை உட்கார வைத்து, குழந்தையை நடத்திக் கூட்டிவந்தார்.

வரிசையில் அற்புதங்களுக்குப் பஞ்சமே இல்லை.

"ஒருத்தருக்கு வருஷக்கணக்கா மறந்துபோன பாஸ்வேர்டு. சாமி கை வச்சதும் கம்ப்யூட்டரே வாயத் தொறந்து சொல்லிடுச்சாம்!"

"இதென்ன பெரிசு? எங்க மச்சான் கம்ப்யூட்டர் அவரு கல்யாண நாளையே ஞாபகப்படுத்திச்சு."

"சந்தோஷப்பட்டிருப்பாரே?"

"அக்கா சந்தோஷப்பட்டா. அவரு இன்னும் சரியா பேச ஆரம்பிக்கல."

நான் காதால் கேட்டதைத்தான் சொல்கிறேன். பொய் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. கொஞ்சம் நீட்டிச் சொல்வேன், அவ்வளவுதான்.

மெமரி என்பது ஒன்றும் மாயப்பொருள் இல்லை. கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் செருகுகிற, ஒரு சாண்கூட இல்லாத பச்சைப் பட்டை. ஒரே நேரத்தில் எத்தனை வேலையைப் பரப்பி வைத்துக்கொள்ளலாம் என்பது அதைப் பொறுத்தது. மேசை சின்னதாக இருந்தால் காகிதம் கீழே விழுமல்லவா, அதே கதைதான். அதை வாங்கப் போனால் எந்தக் கடைக்காரரும் சொல்வது ஒன்றுதான்: "உங்க மெஷினுக்குப் பொருத்தமானதா பாத்து வாங்குங்க." அவர் சொன்னது வகையையும் அளவையும். ஆனால் 'பொருத்தம்' என்ற சொல் காதில் விழுந்ததும் நம் ஆட்களின் மூளை நேராகக் கல்யாண மண்டபத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிட்டது. பொருத்தம் என்றால் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே? ஆள் வந்து சேர்ந்தார்.

ஞாபகானந்தருக்கு நீல அங்கி. மணிக்கட்டில் கறுப்புப் பட்டை. அதிலிருந்து ஒரு சுருள் கம்பி அங்கிப் பைக்குள் போகும். அண்டவெளியோடு தொடர்பு அது என்பது கூட்டத்தின் கருத்து. செருப்பு அளவு பார்க்கும் குட்டை முக்காலியில் அவர் அமர்ந்திருப்பார். பழைய கடையின் கணுக்கால் உயரக் கண்ணாடிகளை இன்னும் கழற்றவில்லை. அதனால் பக்தர்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் தங்கள் பாதங்களையே தரிசித்தார்கள்.

"எந்தக் கிழமை வாங்கினது?"

"வியாழக்கிழமைங்க."

"முதல்ல ஆன் பண்ணது ஆம்பளையா, பொம்பளையா?"

"என் மாமியாருங்க."

"அதான் இப்படிச் சூடாகுது!"

கூட்டம் சிலிர்க்கும். அவர் ஒரு மெமரிப் பட்டையை நூலில் கட்டி கம்ப்யூட்டரின் மேல் தொங்கவிடுவார். பட்டை வட்டம் போட்டால் பொருத்தம். நேர்க்கோட்டில் ஆடினால் வேறு பட்டை. ஆடாமல் நின்றால் காணிக்கை போதவில்லை.

நிபந்தனைகள் இரண்டே. கம்ப்யூட்டர் ஓர் இரவு அவரிடம் தங்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு, மெமரி எவ்வளவு என்று காட்டும் பக்கத்தைத் திரையில் திறக்கவே கூடாது. திறந்தால் கண் பட்டுவிடும். போட்ட மெமரி வந்த வழியே போய்விடும்.

இந்த மகான் எங்கள் வீட்டுக்குள் புகுந்தது என் மகன் வழியாக. தண்ணீர் வாரியத்தில் தணிக்கை வேலை அவனுக்கு. ஊர்க்குழாய்களில் ஒழுகும் ஒவ்வொரு சொட்டுக்கும் விளக்கம் கேட்பான். மகானிடம் மட்டும் எதையும் கேட்க மாட்டான்.

மருமகள் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைபவள். அப்போது ஒரு திமிங்கிலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வாலுக்கு வண்ணம் பூசினால் தலை உறைந்துவிடும்; தலையைத் தொட்டால் கடலே நின்றுவிடும். வெள்ளிக்கிழமைக்குள் படங்கள் வராவிட்டால் அடுத்து வரும் புத்தகங்கள் எல்லாம் வேறொரு ஓவியருக்குப் போய்விடும் என்று பதிப்பகத்து அம்மாள் சொல்லியிருந்தார். முதல் பெரிய வாய்ப்பு அது. இந்தத் திமிங்கிலத்துக்காக அவள் ஒரு நிரந்தர வேலையை விட்டிருந்தாள்.

"ஏங்க, திரையில பாக்கக் கூடாதுன்னு ஏன் சொல்றாரு?"

"கண்ணு பட்டுடுமாம்."

"யாரு கண்ணு? அந்தத் திரையப் பாத்துத்தான நான் படமே வரையிறேன்!"

"எல்லாத்துக்கும் எதிர்க்கேள்வி கேக்காத. பேக்கரிக்காரரே வரிசையில நிக்கிறாரு."

"அவரு நின்னா? மூக்குக்கண்ணாடி வாங்குறோம். போட்டு மட்டும் பாத்துடாதீங்கன்னு கடைக்காரர் சொன்னா வாங்குவீங்களா? மாமா, நீங்களே சொல்லுங்க."

அன்றைக்கு இரவுச் சமையல் மகனுடைய முறை. பசி எனக்கு முக்கியம். ஆகவே நான் கூரையைப் பார்த்தேன்.

"சரி, கொண்டு போங்க" என்றாள் திடீரென்று. அவ்வளவு சீக்கிரம் அவள் இறங்கி வந்ததில் எனக்கே சந்தேகம்தான்.

மகன் குளிக்கப் போனதும் அவள் படங்களையெல்லாம் தனியாக நகல் எடுத்தாள். கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். நான் டார்ச் பிடித்தேன். உள்ளே இரண்டு மெமரிப் பட்டைகள். இரண்டிலும் ஒட்டியிருந்த காகிதத்தின் மேல் ஊதா நகச்சாயத்தால் ஒரு பொட்டு வைத்தாள். திருப்பிப் பின்பக்கமும் ஏதோ கிறுக்கினாள்.

"எதுக்கும்மா இந்த அலங்காரம்?"

"பொண்ண அனுப்புறோமில்ல மாமா, பொட்டு வைக்காம எப்படி?"

மறுநாள் கம்ப்யூட்டர் வீடு திரும்பியது. எட்டு ஜிபி பதினாறாகிவிட்டதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆன் செய்ததும் சட்டென்று விழித்துக்கொண்டது.

"பாத்தியா? பறக்குது!" என்று துள்ளினான் மகன்.

"ராத்திரி முழுக்க அணைச்சு வச்சா எதுவும் காலைல சுறுசுறுப்பாத்தான் எழுந்திரிக்கும். உங்களத் தவிர."

அரைமணிக்குள் திமிங்கிலம் உறைந்தது. அவள் அந்தத் தடைசெய்யப்பட்ட பக்கத்தைத் திறந்தாள். மகன் கண்ணை மூடிக்கொண்டான். திரையில் பழைய எட்டுதான். மூடியைக் கழற்றினால், பொட்டு வைத்த பட்டை ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் பூனைமுடி ஒட்டிய ஒரு பட்டை, கூச்சத்தோடு புதுமாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"நாம பூனை வளக்குறோமா?"

"இல்ல" என்றான் மகன், குரல் இறங்கி.

"அப்ப நம்மளோடது ஒண்ணு எங்கயோ குடித்தனம் போயிருக்கு. வரிசையில நமக்கு அடுத்து யாரு?"

"பேக்கரிக்காரர்தான்."

மூவரும் ஓடினோம். அதாவது அவர்கள் ஓடினார்கள். நான் பின்னால் வேகமாக மூச்சு வாங்கினேன்.

செருப்புக்கடையில் பேக்கரிக்காரர் தன் கம்ப்யூட்டரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அத ஒரு நிமிஷம் தொறந்து பாக்கலாமா? எங்க வீட்டுப் பொருள் ஒண்ணு உள்ள இருக்கு" என்றாள் மருமகள்.

"தொறக்காதே!" என்று மகான் முக்காலியிலிருந்து எழுந்தார். "சக்தி வெளியே போயிடும்!"

"போனா நீங்கதான் இருக்கீங்களே சாமி, புடிச்சு உள்ள விட்ருங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். பேக்கரிக்காரர் மகானைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். ரொட்டி வெந்ததா என்று குத்திப் பார்க்காமல் விற்காத மனிதர் அவர். மூடியைக் கழற்றினார்.

உள்ளே ஊதாப் பொட்டு!

கூட்டம் எட்டிப் பார்த்தது. ஆனால் மகானைக் குறைத்து எடைபோடாதீர்கள். இரண்டு கையையும் தூக்கி, "ஆஹா! பொட்டு தானா தோணியிருக்கு! கோடியில ஒரு மெஷினுக்குத்தான் இப்படி!" என்றார்.

நாலைந்து பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கோடியில் ஒருவனாகிவிட்ட பேக்கரிக்காரருக்கும் முகம் மலரத் தொடங்கிவிட்டது.

"பின்னாடி என்ன தோணியிருக்குன்னும் பாருங்கண்ணே" என்றாள் மருமகள்.

பேக்கரிக்காரர் பட்டையை உருவித் திருப்பினார். எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார்.

"என்... னுது."

"என்னுது" என்றாள் அவள். "அண்டவெளி எழுதியிருந்தா எழுத்து இன்னும் அழகா இருந்திருக்கும். எனக்குப் படந்தான் வரும்."

அவ்வளவுதான். தந்திரம் தரையில் கொட்டிவிட்டது. உன் பட்டையை உருவி அவனுக்கு, அவன் பட்டையை உருவி இவனுக்கு. ஊர் முழுவதும் பக்கத்து வீட்டு மெமரியைக் காணிக்கை கொடுத்து வாங்கியிருக்கிறது. யாருக்கும் ஒன்றும் கூடவில்லை, மகானுக்குத் தொப்பையைத் தவிர.

"எல்லாரும் வீட்டுக்குப் போயி அந்தப் பக்கத்தத் தொறந்து பாருங்க" என்றாள். போனார்கள். போன வேகத்தைவிடத் திரும்பி வந்த வேகம் அதிகம். நழுவப் பார்த்த மகானின் சுருள் கம்பியை மகன் எட்டிப் பிடித்தான். பையிலிருந்து மறுமுனை வெளியே வந்தது. அண்டவெளி அங்கே ஒரு சாவிக்கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

பொழுது சாயும்வரை மகானை முக்காலியிலேயே உட்கார வைத்து, காணிக்கையையும் பட்டைகளையும் உரியவர்களுக்குத் திருப்பிக்கொடுக்க வைத்தார்கள். "பூனைமுடி ஒட்டினது எங்களோடது!" என்று தையல்காரம்மா கத்தினார். மாமியார் ஆன் செய்த கம்ப்யூட்டரின் பட்டை மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த வீட்டு மருமகன் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

அன்றே மருமகள் எங்கள் பட்டையின் காகிதத்தில் அச்சடித்திருந்த வகையைக் குறித்துக்கொண்டாள். கம்ப்யூட்டரின் மாடல் எண்ணை வைத்து, அது அதிகபட்சம் எவ்வளவு தாங்கும், எத்தனை பட்டை செருகலாம் என்று பார்த்தாள். முன்பு யாரோ பயன்படுத்திய பட்டைகளை விற்கும் சாதாரணக் கடை ஒன்றில் எட்டு ஜிபியில் இரண்டு வாங்கினாள். அடியில் இருக்கும் வெட்டு அதே இடத்தில் இருக்கிறதா என்று பழையதோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். வேலை செய்யாவிட்டால் திருப்பித் தரலாம் என்று கடைக்காரர் ரசீதிலேயே எழுதிக்கொடுத்தார். காணிக்கையில் பாதிகூட ஆகவில்லை. திரையில் பதினாறு என்று வந்தபோது மகன் இரண்டு கண்ணையும் திறந்துதான் பார்த்தான். கண் படவில்லை.

வெள்ளிக்கிழமை திமிங்கிலம் முழு வாலோடு பதிப்பகத்துக்கு நீந்திப் போயிற்று. அடுத்து ஆக்டோபஸ் வரையச் சொல்லியிருக்கிறார்கள். எட்டுக் கையையும் ஒரே நேரத்தில் ஆட்டிக் காட்டினாள், ஒன்றும் உறையவில்லை.

தையல்காரம்மா மட்டும் ஒருநாள் கவலையோடு வந்தார்.

"ஏம்மா, அந்தாளத்தான் தொரத்திட்டோம். இனிமே பொருத்தத்த யாருகிட்டப் பாக்குறது?"

"அந்தப் பட்டையிலயே எழுதியிருக்குக்கா. படிச்சாப் போதும்."

"படிச்சாப் போதுமா? வேற ஒண்ணும் வேணாமா?" என்று ஏமாற்றத்தோடு போனார் அந்த அம்மாள்.

கம்ப்யூட்டருக்கு மெமரி குறைந்தால் கடையில் வாங்கிக்கொள்ளலாம். யோசிப்பதற்கான பட்டையை எந்தக் கடையிலும் விற்பதில்லை. எல்லோருக்கும் பிறக்கும்போதே பொருத்தி அனுப்பியிருக்கிறார்கள். உறை பிரிக்காமலே வைத்திருப்பவர்கள், தேய்ந்துவிடுமோ என்று பயப்படாமல், ஒரே ஒரு தடவை ஆன் செய்து பாருங்கள்.