சத்தம் போடும் பின்சக்கரம்

லிங்கசாமி மிதிப்பதை நிறுத்தினால் போதும், பின்சக்கரம் டிக்டிக்டிக் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தும். கம்பெனி கொடுத்த சைக்கிள். கொடுத்த நாளிலிருந்தே அப்படித்தான்.

"இந்தச் சத்தத்த நிறுத்தோணுமுங்க," என்று சைக்கிள் கடை அய்யாசாமியின் முன்னால் வந்து இறங்கினான்.

"இருந்துட்டுப் போகுதுங்க. நீங்க வர்றது தெரிஞ்சு ஆடு மாடெல்லாம் ஒதுங்குமில்லீங்க?"

"தெரியுதே, அதுதானுங்க வம்பு!"

பெருமாநல்லூர் பனியன் கம்பெனியில் அவன் சூப்பர்வைசர். துணி பின்னும் நிட்டிங் யூனிட்டைப் பார்த்துவிட்டு நாலு மணிக்குச் சைக்கிளில் தையல் யூனிட்டுக்கு வருவான். வரும்போது எல்லா மெஷினும் ஓடும். ஒருவரும் தலை நிமிரமாட்டார்கள். ஆனால் தைத்து முடிக்கும் பீஸ் மட்டும் தினமும் குறையும். முதலாளி பெருமாள்சாமி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"மத்தியானத்துல யாரோ சும்மா உக்காந்திருக்காங்க. கண்டுபுடி. சனிக்கெழம லோடு போகலீன்னா நீ உங்க ஊரு பொங்கலூருக்கே போயி மாடு மேய்க்க வேண்டியதுதான்."

லிங்கசாமிக்கு உடனே புரிந்துவிட்டது. சைக்கிள் சத்தம்தான் காட்டிக்கொடுக்கிறது.

அய்யாசாமி பின்சக்கரத்து ப்ரீவீலில் எண்ணெய் ஊற்றினார். சத்தம் அடங்கியது. ஆனால் கேரியரில் கம்பெனிக்குக் கொண்டுபோன சாம்பிள் வெள்ளைத் துணியெல்லாம் கறுப்புப் புள்ளி.

"பனியனுக்குத் திருஷ்டிப் பொட்டு வெச்சியா?" என்று கத்தினார் முதலாளி. சாயங்காலமே சத்தமும் திரும்பிவிட்டது.

மிதித்துக்கொண்டே இருந்தால் சத்தம் வராதே என்று மறுநாள் லிங்கசாமிக்கு யோசனை. கம்பெனிச் சந்து முழுக்க நிறுத்தாமல் மிதித்தான். கேட் வந்தும் நிறுத்தவில்லை. கேட் மூடியிருந்தது. மோதிய சத்தத்தில் பக்கத்துக் கம்பெனிக்காரர்கள்கூட வெளியே வந்துவிட்டார்கள். சைக்கிள் சுழன்று தூணில் அடித்ததில் பின்சக்கரம் கோணலாகிப் போனது.

"கோட்டம் எடுத்துத் தரட்டுங்களா?" என்றார் அய்யாசாமி.

"வேண்டாமுங்க. வேற சக்கரம் போடுங்க."

கடையில் மாட்டியிருந்த பின்சக்கரங்களை ஒவ்வொன்றாக இறக்கி, சுற்றிவிட்டு, காதருகே வைத்துக் கேட்டான். கடைசியில் பூனை நடப்பதுபோல் ஒன்று அகப்பட்டது. அய்யாசாமி ஏனோ சிரிப்பை அடக்கிக்கொண்டார். சக்கரத்தை மாட்டி, செயினைச் சரியாக இழுத்து, நட்டை முறுக்கினார்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு லிங்கசாமி காற்றுப்போல உள்ளே நுழைந்தான்.

ஒரு மெஷினும் ஓடவில்லை. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆப்புட்டுட்டீங்களா!" என்றான்.

தையல்கார மயிலாத்தாள் உதட்டில் விரலை வைத்தாள். "மெதுவாங்க. துணி வந்தாத்தானுங்க தெக்கறது? துணி ரூமு உள்ள தாப்பாப் போட்டிருக்குது."

துணி ரூமுக்குள்ளிருந்து குறட்டை கேட்டது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். துணி ரோல்களுக்கு நடுவே முதலாளி கால் நீட்டிப் படுத்திருந்தார்.

"சோறு தின்னதும் உள்ள போயிருவாருங்க. உங்க சைக்கிள் சத்தம் கேட்டாத்தான் எந்திரிச்சு வந்து துணி எடுத்துக் குடுப்பாரு. நாங்க எழுப்பினா வேல போயிருமில்லீங்க?" என்றாள் மயிலாத்தாள். "ஆமா, இன்னிக்கு உங்க சைக்கிளுக்கு என்னாச்சுங்க?"

லிங்கசாமி வந்த வழியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

அய்யாசாமி பழைய சக்கரத்தைக் கோட்டம் எடுத்துத் தயாராக வைத்திருந்தார்; அதையே மறுபடி மாட்டிக்கொண்டான். வெள்ளிக்கிழமை நாலு மணி வரை லிங்கசாமி காத்திருக்கவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் வந்து, துணி ரூம் ஜன்னலோரமாக மிதிக்காமல் உருட்டினான். டிக்டிக்டிக். முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். மெஷின்கள் ஓடின. ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை உருட்டினான். சனிக்கிழமை லோடு கிளம்பிவிட்டது.

"சும்மா உக்காந்திருந்தது யாருன்னு கண்டுபுடிச்சியா?"

"கண்டுபுடிச்சுச் சரி பண்ணிட்டனுங்க."

"சபாஷ்!" என்றார் முதலாளி. மாடு மேய்க்க வேண்டாம் என்று லிங்கசாமிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

நேரே சைக்கிள் கடைக்குப் போனான். "நல்லவேளைங்க, பழைய சக்கரத்தத் தூக்கி எறியாம வெச்சிருந்தீங்க."

"எப்பிடீங்க எறியறது?" என்றார் அய்யாசாமி. "உங்களுக்குச் சைக்கிள் வாங்கறப்ப உங்க மொதலாளியும் இப்பிடித்தான் ஒவ்வொரு சக்கரமாச் சுத்திக் காதுகிட்ட வெச்சுப் பாத்தாரு. 'இது ஒண்ணுதான் எனக்குத் தூக்கத்துலயுங் கேக்கும், இதையே மாட்டு'ன்னு பொறுக்கி எடுத்ததுங்க அது!"